காரணம் என்ற கட்டத்தில் ஒரு வரி: மனநல மாத்திரையும் வன்முறையும்

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. தள்ளிப் போட்டதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. இந்த விஷயத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நான் லைன் லீடர். கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. போன வருஷம் மூணாவது ஷிப்டில், ராத்திரி ரெண்டே முக்கால் மணி வாக்கில், என் லைனில் ஒரு சண்டை. ரிஜெக்ட் ஆன பீஸ் யார் கணக்கு என்பதில் ஆரம்பித்தது. திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், டிப்ளமோ முடித்துவிட்டு கான்ட்ராக்டில் வந்தவன், கையில் இருந்த ஸ்பேனரை மேஜை மேல் அடித்தான். அது எகிறிப் போய்ப் பக்கத்தில் நின்றவன் நெற்றியில் பட்டது. ரெண்டு தையல். காலையில் செக்யூரிட்டி பையைத் துழாவியதில் ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. எஸ்சிட்டலோபிராம், 10 மில்லிகிராம். எச்.ஆரில் ஒருவர் அதை போனில் தேடிப் பார்த்துவிட்டு, "சார், இது மனநோய் மாத்திரை" என்றார்.

சம்பவ அறிக்கைப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு வரிதான் எழுத இடம் இருக்கும். 'மனநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர்' என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளிலிருந்து அவனுக்கு கேட் திறக்கவில்லை.

அந்த வாரமே எங்கள் ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு நடத்தியவர்கள் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் அவர் எடுத்துக்கொண்ட மாத்திரை, கடைசியில் 'இந்த விஷத்தை உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்' என்று ஒரு வரி. அடுத்த பத்து நாளில் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். "அண்ணே, இந்த மாத்திரை சாப்பிடறது தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா?" என்று ஒருவன். "அண்ணே, நானும் யாரையாவது அடிச்சிடுவேனா?" என்று இன்னொருவன். மூன்றாவது ஆள் கேள்வியே கேட்கவில்லை. நேற்றோடு நிறுத்திவிட்டேன் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை. எண்களைப் பார்த்துப் பழகிய ஒரு ஆள், அவ்வளவுதான். படித்தவரை எனக்குத் தோன்றுவது இது: 'மாத்திரைதான் காரணம்' என்கிற தரப்பும், 'மாத்திரைக்கும் வன்முறைக்கும் சம்பந்தமே இல்லை' என்கிற தரப்பும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. இரண்டும் அந்த ஒரு வரிக் கட்டத்தை நிரப்பிவிட்டுப் படிவத்தை மூடிவிடுகின்றன.

ஒரு அச்சகத் தொழிலாளியின் கதை

இந்த விவாதம் பெரிதாக ஆரம்பித்த இடம் ஒரு தொழிற்சாலை. ஃபார்வர்டு அனுப்புகிற பலருக்கு இது தெரியாது.

1989 செப்டம்பர் 14. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் ஸ்டாண்டர்ட் கிராவ்யூர் என்ற அச்சகம். ஜோசப் வெஸ்பெக்கர் என்ற 47 வயதுத் தொழிலாளி துப்பாக்கியோடு உள்ளே போனார். 8 பேரைக் கொன்றார், 12 பேரைக் காயப்படுத்தினார், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். சில வாரங்களுக்கு முன்புதான் அவருக்கு ப்ரோசாக் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ப்ரோசாக் என்பது ஃபுளுவாக்சடின் மாத்திரையின் வணிகப் பெயர். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி கொடுத்தது 1987 டிசம்பரில். அதாவது அப்போது அது புத்தம் புதிய மருந்து.

சம்பவத்துக்கு மூன்று நாள் முன்பு வெஸ்பெக்கர் தன் மனநல மருத்துவரைப் பார்த்திருக்கிறார். அவர் மிகவும் பதற்றமாக இருந்ததை மருத்துவர் குறித்து வைத்தார். மாத்திரை காரணமாக இருக்கலாம், நிறுத்திவிடுங்கள் என்றும் சொன்னார். இதை மட்டும் படித்தால் வழக்கு முடிந்துவிட்டது என்றே தோன்றும்.

ஆனால் அதற்கு முன்னாலும் ஒரு கதை உண்டு. அந்த அச்சகத்தில் ஃபோல்டர் என்று ஒரு இயந்திரம். அச்சாகி ஓடி வருகிற தாளை வெட்டி மடித்துத் தள்ளுவது. அதில் நிற்பவருக்கு வேகமும் அழுத்தமும் அதிகம். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, வேறு இடத்தில் போடுங்கள் என்று வெஸ்பெக்கர் பல தடவை கேட்டிருக்கிறார். 1987-ல் உள்ளூர் மனித உறவுகள் ஆணையம் வரைக்கும் புகார் போனது. 1988-லிருந்து உடல்நல விடுப்பில் இருந்தார். ப்ரோசாக் தொடங்குவதற்கு முன்பே கம்பெனியைப் பழிவாங்கப் போவதாகப் பேசியிருந்தார். துப்பாக்கிகளையும் முன்பே வாங்கியிருந்தார். அதற்கு முன் பல மருந்துகளை மாற்றி மாற்றி எடுத்தவர்.

உயிர் பிழைத்தவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் மருந்து தயாரித்த எலி லில்லி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 1994 டிசம்பரில் ஜூரி 9-க்கு 3 என்ற கணக்கில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 'பார்த்தீர்களா, நீதிமன்றமே மாத்திரை குற்றவாளி இல்லை என்று சொல்லிவிட்டது' என்று நிறுவனம் அதைக் கொண்டாடியது.

நீதிபதி ஜான் பாட்டருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. இதே நிறுவனம் வேறொரு மருந்து விவகாரத்தில் பாதிப்புகளை அரசுக்குத் தெரிவிக்காமல் விட்டு, 1985-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தது. அந்தச் சான்றை ஜூரி முன் வைக்கலாம் என்று பாட்டர் அனுமதி கொடுத்தார். கேட்டு வாங்கிய வாதி தரப்பு வக்கீல்களே பிறகு அதை வைக்கவில்லை. ஏன்? தீர்ப்பு வருவதற்கு முன்பே இரண்டு தரப்பும் ரகசியமாகச் சமரசம் பேசி முடித்திருந்தன. பாட்டர் விடவில்லை. விஷயம் கென்டக்கி உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 1997-ல் பதிவேடு திருத்தப்பட்டது: தீர்ப்பால் முடிந்த வழக்கு என்று இருந்தது, சமரசத்தால் முடிந்த வழக்கு என்று ஆனது.

இந்த வழக்கை மாத்திரை எதிர்ப்பாளர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள், ஆதரவாளர்களும் காட்டுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. மருந்து ஒருவேளை அவர் பதற்றத்தைக் கூட்டியிருக்கலாம். கோபம் மருந்துக்கு முன்பே இருந்தது. துப்பாக்கி கடையில் கிடைத்தது. வேறு மெஷினில் போடுங்கள் என்ற கோரிக்கை வருஷக்கணக்கில் இழுத்தது. நிறுவனம் ஜெயித்ததாகச் சொன்ன தீர்ப்பும் முழுத் தீர்ப்பு இல்லை. இவ்வளவையும் ஒரு வரியில் எழுதச் சொன்னால், நான் எழுதினது மாதிரிதான் வரும்.

பட்டியல் ஏன் ஆதாரம் ஆகாது

இப்போது அந்த ஃபார்வர்டுக்கு வருவோம். அதிலிருக்கும் பெயர்களில் சிலர் உண்மையிலேயே மாத்திரை எடுத்தவர்கள்தான். அப்படியானால் பட்டியலில் என்ன தப்பு?

எங்கள் லைனில் ஒரு பழைய பாடம் உண்டு. ரிஜெக்ட் ஆன பீஸை மட்டும் மேஜையில் பரப்பிவிட்டு, 'இதெல்லாம் இரண்டாம் நம்பர் மெஷினில் வந்தது' என்று சொன்னால் க்வாலிட்டி இன்ஜினியர் ஒத்துக்கொள்ள மாட்டார். இரண்டாம் நம்பர் மெஷினில் மொத்தம் எத்தனை ஓடியது, மற்ற மெஷினில் எத்தனை ஓடியது என்றுதான் முதலில் கேட்பார். அந்தப் பட்டியலில் அந்த இரண்டு எண்ணும் இல்லை.

ஸ்வீடனில் 2006 முதல் 2009 வரை, எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற வகை மனச்சோர்வு மாத்திரைகளை மக்கள்தொகையில் 10.8 சதவீதம் பேர் வாங்கியிருக்கிறார்கள். ப்ரோசாக்கும் எஸ்சிட்டலோபிராமும் இந்த வகைதான். பத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் சண்டை போட்ட பத்துப் பேரைப் பிடித்தாலும் ஒருவர் பையில் அந்த அட்டை இருக்கும். ரத்த தானம் செய்த பத்துப் பேரைப் பிடித்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். தவிர, ஏற்கெனவே மனக் கொந்தளிப்பில் இருப்பவர்தான் மாத்திரைக்குப் போகிறார். குடை பிடித்தவர்கள் எல்லாரும் நனைந்திருக்கிறார்கள், அதனால் குடைதான் நனைக்கிறது என்று சொல்ல முடியுமா?

தனித்தனிப் புகார்களைக் கூட்டிப் பார்ப்பதில் உள்ள சிக்கலுக்கு நல்ல உதாரணம் வரெனிக்ளின். புகைப்பழக்கத்தை விட உதவும் மாத்திரை. எஃப்.டி.ஏ.வுக்கு வந்த பக்கவிளைவுப் புகார்களை அலசி 2010-ல் ஒரு ஆய்வு வந்தது. வன்முறைப் புகார்களோடு அளவுக்கு மீறி ஒட்டி வருகிற 31 மருந்துகளை அது அடையாளம் காட்டியது. அதில் முதல் இடம் வரெனிக்ளினுக்கு. அதற்கு முன்பே அந்த மாத்திரைப் பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வந்துவிட்டது. பிறகு 8,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து முறையான சோதனை நடத்தினார்கள். 2016-ல் முடிவு வந்தது: மனநிலை சார்ந்த பக்கவிளைவு குறிப்பிடும்படி அதிகமில்லை. அந்த வருஷ டிசம்பரிலேயே கறுப்புக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். புகார் தேவைதான், அது இல்லாமல் சோதனையே நடந்திருக்காது. ஆனால் புகாரை வைத்தே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

சம்பந்தமே இல்லை என்பவர்களுக்கு

இதுவரை படித்துவிட்டு மருந்துப் பக்கம் நிற்பவர்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ப்ரோசாக் எடுத்த ஆறு நோயாளிகளுக்கு இதுவரை இல்லாத தீவிரத்தில் தற்கொலை எண்ணம் வந்தது என்று 1990-லேயே ஒரு மருத்துவ இதழில் டீச்சர் என்ற மருத்துவரும் குழுவினரும் எழுதினார்கள். 1991-ல் எஃப்.டி.ஏ. கூட்டிய நிபுணர் குழு, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றது. 13 வருஷம் கழித்து, 2004 அக்டோபரில், அதே எஃப்.டி.ஏ. சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட்டது. 2007-ல் அது 24 வயது வரை நீட்டப்பட்டது. 'ஆதாரம் இல்லை' என்று சொன்ன காலத்தில் பாதிக்கப்பட்டவர்களை யார் நம்பினார்கள்? மருந்து நிறுவனங்கள் தங்களிடம் இருந்த சோதனை முடிவுகளை முழுசாக வெளியே விட்டிருந்தால் இவ்வளவு நாள் ஆகியிருக்காது. மாத்திரையைச் சந்தேகிப்பவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்குவது அதனால் நியாயமில்லை. அவர்களுடைய அவநம்பிக்கைக்கு வரலாறு இருக்கிறது.

எப்படி இது நடக்கும் என்பதும் புரியாத மர்மம் இல்லை. இந்த மாத்திரைகளின் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பக்கவிளைவு முதல் சில நாளிலேயே வந்துவிடும். சிலருக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், உள்ளுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிற மாதிரி உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒரு தவிப்பு வரும். அகதிசியா என்று இதற்குப் பெயர். இன்னொன்று, இருமுனைக் கோளாறு (பைபோலார் என்று சொல்கிறோமே, அதுதான்) இருப்பது கண்டுபிடிக்கப்படாமல், வெறும் மனச்சோர்வு என்று நினைத்து இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலர் சோர்விலிருந்து நேராக மறுமுனைக்குத் தாவிவிடுவார்கள். தூக்கமே தேவைப்படாது, பேச்சு கூடும், எதிர்த்துப் பேசினால் சுள்ளென்று கோபம் வரும்.

சரி, வன்முறைக்கு எண் இருக்கிறதா? இருக்கிறது. ஸ்வீடனில் மருந்துச் சீட்டுப் பதிவேட்டையும் குற்றத் தண்டனைப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்க முடியும். அதை வைத்து வந்த இரண்டு ஆய்வுகள் முக்கியம். இரண்டிலும் முறை ஒன்றே. ஒரு ஆளை இன்னொரு ஆளோடு ஒப்பிடாமல், அதே ஆள் மாத்திரை எடுத்த காலத்தையும் எடுக்காத காலத்தையும் ஒப்பிட்டார்கள். அந்த ஆளின் பிறப்பு, வளர்ப்பு, குணம் எல்லாம் இரண்டு பக்கமும் சமமாகிவிடும்.

முதல் ஆய்வு 2014-ல் லான்செட் இதழில் வந்தது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவற்றுக்கு மருந்து எழுதப்பட்ட 82,647 பேர். ஆன்டிசைக்காட்டிக் மருந்து எடுத்த காலத்தில் வன்முறைக் குற்றம் 45 சதவீதம் குறைந்தது. லித்தியம் போன்ற மனநிலைச் சமன் மருந்துகளில் 24 சதவீதம் குறைந்தது.

இரண்டாவது 2015-ல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்தது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுத்த 8,56,493 பேர். அவர்களில் வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் சுமார் 1 சதவீதம். 25 வயதுக்கு மேற்பட்டவர்களில் மாத்திரைக் காலத்துக்கும் மற்றக் காலத்துக்கும் நிச்சயமான வித்தியாசம் இல்லை. 15 முதல் 24 வயதினரிடம் இருந்தது: மாத்திரை எடுக்காத காலத்தில் 100 என்றால், எடுத்த காலத்தில் 143. அதே வயதினரிடம் குடி சம்பந்தமான மருத்துவமனை வருகையும் கூடியிருந்தது.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆய்வாளர்கள் டோஸ் வாரியாகவும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இளைஞர்களிடம் தெரிந்த அந்தக் கூடுதல், குறைந்த அளவு மருந்து எடுத்தவர்களிடம்தான் தெளிவாக இருந்தது. நடுத்தர அளவோ அதிக அளவோ எடுத்தவர்களிடம் அப்படி இல்லை. மருந்தே விஷம் என்றால் அளவு கூடக் கூட ஆபத்தும் கூட வேண்டும். இங்கே தலைகீழ். அப்படியானால் நோய் சரியாக அடங்காத நிலை, ஒழுங்கில்லாமல் மாத்திரை போடுவது, ஆரம்பித்த புதிதில் வரும் தவிப்பு, இதெல்லாம் கலந்த ஒன்றாக இருக்கலாம். மாத்திரை ஆரம்பிப்பதே ஒருவர் வாழ்க்கையில் மோசமான நேரத்தில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆய்வு காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனால் யாரைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டுகிறது: 25 வயதுக்குக் கீழே, குறைந்த டோஸில், கேட்பாரில்லாமல் இருப்பவர்.

அந்த விரல் எங்கே நீள்கிறது

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை, இந்தப் பக்கம் ஒரகடம், வல்லம் வடகால் வரை, காலை ஐந்தரை மணிக்கு கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் அந்த வயதுதான். கார், லாரி, டயர், புல்லட், செல்போன் என்று எல்லாம் செய்கிறவர்கள் இவர்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 படுக்கைகள். வீட்டை விட்டு வந்து, வாரா வாரம் ஷிப்ட் மாறி, பகலில் மற்றவர் சத்தத்தில் தூங்குகிற கூட்டம். இவர்களில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தால் என்ன நடக்கும்?

அந்தத் தம்பியை ரெண்டு மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னைப் பார்த்து ஒதுங்கிப் போகவில்லை. டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். தூக்கம் வரவில்லை, அழுகையாக வருகிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறான். 10 நாளைக்கு மாத்திரை எழுதி, முடிந்ததும் வா என்றிருக்கிறார்கள். மறுபடி போக லீவு கிடைக்கவில்லை. "உங்க கிட்டயே ரெண்டு தடவை கேட்டேன்ணே" என்றான். கேட்டிருப்பான். டெலிவரி நெருக்கடியில் எத்தனையோ பேர் லீவு கேட்டார்கள், எனக்கு ஞாபகம் இல்லை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் ஒரு அட்டை வாங்கி, காசுக்கும் ஆகும் நாளைக்கும் ஆகும் என்று பாதி பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறான். நைட் ஷிப்டில் சில நாள் போடாமலும் விட்டிருக்கிறான். சண்டை நடந்தது தொடர்ந்து பதினோராவது நைட்.

சரி, காரணம் என்ன? மாத்திரையா, பாதி மாத்திரையா, நோயா, பதினோரு ராத்திரியா, ரிஜெக்ட் கணக்கை அவன் தலையில் கட்டப் பார்த்ததா? நான் எழுதின வரியில் இதில் ஒன்றுதான் இருந்தது. லீவு மறுத்தது என்ற வரியை எழுத வேண்டியவனும் நானாகத்தான் இருந்திருப்பேன். எனக்கு எது வசதியோ அதை எழுதியிருக்கிறேன் என்பது அந்த டீக்கடையில்தான் உறைத்தது.

இந்தக் காரிடாருக்கென்றே இன்னும் சில விஷயங்கள் உண்டு. மாத்திரை விவாதத்தில் இவை யார் வாயிலும் வருவதில்லை. ஆன்டிசைக்காட்டிக் மருந்துகள் சில பயங்கரமாகத் தூக்கம் வரவைக்கும். பிரஸ் மெஷினில் கை வைத்து வேலை செய்கிறவர் நைட் ஷிப்ட் வாரத்தில் அதை விட்டுவிடுவார், விரல் போய்விடும் என்ற பயம். மேலே பார்த்த 45 சதவீதப் பாதுகாப்பு அந்த வாரத்தில் அவருக்கு இல்லை. லித்தியத்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஃபவுண்டரியிலோ பெயின்ட் ஷாப்பிலோ வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். மேல்வலிக்கு என்று ஐபுப்ரோஃபென் போட்டாலும் ஏறும். இருமுனைக் கோளாறு இருப்பவருக்கு ராத்திரித் தூக்கம் கெடுவதே பித்து நிலையைக் கிளப்பிவிடக் கூடும். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினாலே தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். பராக்சடின், வென்லாஃபாக்சின் இரண்டும் இதில் பெயர் போனவை. தூக்கத்துக்கு என்று வாங்கும் அல்பிரசோலத்தையும் டாஸ்மாக்கையும் சேர்த்துக்கொண்டால், சிலருக்குத் தூக்கத்துக்குப் பதில் கட்டுப்பாடு போய்விடும்.

இதில் எதுவும் 'மாத்திரை கெட்டது' என்ற வாக்கியத்துக்குள் அடங்காது. 'மாத்திரை நல்லது' என்ற வாக்கியத்துக்குள்ளும் அடங்காது. எந்த மாத்திரை, என்ன வயது, என்ன டோஸ், எத்தனையாவது வாரம், என்ன ஷிப்ட், யார் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்கள் என்ற கேள்விகளுக்குத்தான் பதில் இருக்கிறது. அரசு மருத்துவமனை ஓ.பி. காலையில். பகல் ஷிப்ட்காரர் அந்த நேரத்தில் லைனில் நிற்கிறார், நைட் ஷிப்ட்காரர் தூங்குகிறார். பதினைந்து நாளில் வா என்று டாக்டர் சொல்வதும், லைனில் ஆள் இல்லை என்று லைன் லீடர் சொல்வதும் ஒரே ஆளின் காதில் விழுகிற ரெண்டு உத்தரவு. எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பயம் எதுவரை போகும்

வன்முறை என்ற பயம் நம் ஊரில் எதுவரை போயிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை ஒட்டி நடந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் விடியற்காலை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் செத்துப் போனார்கள். ஏன் கட்டினார்கள் என்று கேட்டால் வரும் பதில் நமக்குத் தெரிந்ததுதான்: ஓடிவிடுவார்கள், அடித்துவிடுவார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே விஷயத்தைக் கையில் எடுத்தது. மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஏர்வாடியிலேயே பின்னாளில் 'தவா-துவா' என்ற பெயரில், பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு அங்கேயே மருந்தும் கொடுக்கிற ஏற்பாடு வந்தது. நம்பிக்கையைப் பிடுங்காமல் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த வழி அது.

நிமான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநலக் கோளாறு உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்கு எந்தச் சிகிச்சையும் கிடைக்கவில்லை. ஸ்வீடன் கணக்கில் பத்தில் ஒருவர் மாத்திரை எடுக்கும் நாடு. நம் கணக்கு வேறு. அங்கே 'தேவைக்கு மேல் எழுதுகிறார்களா' என்று கேட்கலாம். இங்கே ஒரு பெரிய கூட்டம் மாத்திரையைப் பார்த்ததே இல்லை, பார்த்தவர்களில் பலர் பாதியில் விட்டவர்கள். அங்கே பிறந்த எச்சரிக்கையை ஆண்டு, வயது, டோஸ் எதுவும் இல்லாமல் தமிழில் ஃபார்வர்டு ஆக்கினால், அது எச்சரிக்கையாக வேலை செய்யாது. பாதி மாத்திரை போடுகிறவனை முழுசாக நிறுத்த வைக்கும்.

மருத்துவர்களிடமும் ஒரு குறை உண்டு. 'கூகுள் பண்ணாதீங்க' என்று சொல்லி அனுப்புகிறீர்கள். முதல் ரெண்டு வாரம் எரிச்சல் வரலாம், தூக்கம் கெடலாம், அப்படி வந்தால் உடனே வாருங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று அந்த 21 வயதுப் பையனிடம் ரெண்டு நிமிஷம் சொன்னால், அவன் ஃபார்வர்டை வேறு மாதிரிப் படிப்பான். சொல்லாமல் விட்ட பக்கவிளைவை வாட்ஸ்அப் சொல்லும்போது அவனுக்கு நீங்கள் எதையோ மறைத்த மாதிரித்தான் தெரியும்.

மூன்று பேர்

என்னிடம் வந்த அந்த மூன்று பேரில் ரெண்டு பேர் இப்போதும் லைனில் இருக்கிறார்கள், மாத்திரையோடுதான். ஒருவருக்கு நைட் ஷிப்டை மாற்றிக் கொடுத்தேன். காரணம் கேட்டவர்களிடம் 'குடும்ப விஷயம்' என்றேன். இன்னொருவருக்கு மாசம் ஒரு புதன்கிழமை காலை. அவ்வளவுதான் தேவைப்பட்டது. நிறுத்திவிட்டேன் என்று சொன்ன மூன்றாவது ஆள் ஊருக்குப் போய்விட்டார். போன் எடுப்பதில்லை.

அந்த அறிக்கையைத் திருத்த முடியுமா என்று எச்.ஆரில் கேட்டுப் பார்த்தேன். மூடின ஃபைல் என்றார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது: 'தொடர்ந்து 11 இரவு ஷிப்ட். சிகிச்சையில் இருந்தவர். மருத்துவரைப் பார்க்க இருமுறை விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்டது. மறுத்தவர்: லைன் லீடர்.' ஒரு வரிக்கு மேல் வரும். பின்பக்கத்தில் எழுதியிருக்கலாம்.

படிப்பவர்களில் யாராவது மாத்திரை எடுப்பவராக இருந்தால் ஒன்றே ஒன்று. இந்தப் பதிவைப் படித்துவிட்டு டோஸைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ செய்யாதீர்கள். எரிச்சல், தவிப்பு, தூக்கமின்மை புதிதாக வந்திருந்தால் எழுதிக் கொடுத்தவரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். அவரைப் பிடிக்க முடியவில்லை என்றால் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. காசில்லை, தமிழில் பேசலாம், ராத்திரி ரெண்டே முக்காலுக்கும் எடுப்பார்கள்.